பலகை இல்லாத இடம்

மலைச்சாமி: இன்னும் எம்புட்டு நேரம்மா? எங்க ஆளுக நாலு பேரும் மூச்சு சிலிண்டர மாட்டிக்கிட்டு வாசல்ல நிக்கிறாய்ங்க.

தாமரைச்செல்வி: அஞ்சே நிமிசம் சார். ரோபோ இப்பத்தான் ஐஸ் கம்பெனி கதவத் தாண்டியிருக்கு.

தங்கப்பாண்டி: ஐயா, இந்தப் பொம்மக் காருக்காகவா தீயணைப்பு வண்டியையே நிப்பாட்டி வச்சிருக்கோம்? உள்ள ஒரு மனுசன் கெடக்காரு!

மலைச்சாமி: இருடா தங்கப்பாண்டி. அம்மோனியா பைப்பு வெடிச்சிருக்கு. உள்ள கைய நீட்டுனா கை தெரியாது. அதுக்குத்தான ஒத்தக்கடை காலேஜுலருந்து இவுகளக் கூப்பிட்டோம்.

தாமரைச்செல்வி: பொம்மக் காருக்குக் கண்ணு எரியாதுண்ணே. செவரு, தூணு எல்லாத்தையும் அளந்து இந்தா... ஸ்க்ரீன்ல படமா வரைஞ்சுக்கிட்டே போகுது பாருங்க.

தங்கப்பாண்டி: அட... இந்தச் செவப்பு?

தாமரைச்செல்வி: வாயு ஜாஸ்தியா இருக்குற எடம்.

மலைச்சாமி: நிப்பாட்டு! வலது ஓரத்துல மஞ்சளா ஏதோ...

தாமரைச்செல்வி: ஆளுதான் சார். ஒடம்புச் சூடு தெரியுது.

தங்கப்பாண்டி: நேராப் போனா இருபதடி! நாங்க போறோம்யா!

தாமரைச்செல்வி: போகாதீங்கண்ணே! நடுவுல தரைய இன்னும் பாக்கல.

தங்கப்பாண்டி: தரையில என்னத்தப் பாக்க?

தாமரைச்செல்வி: ஐஸ் கட்டுற உப்புத்தண்ணித் தொட்டி இருக்கும். அது மேல பலகை போட்டுத்தான் நடப்பாங்க.

தங்கப்பாண்டி: ஒனக்கெப்படித் தெரியும்?

தாமரைச்செல்வி: ...ஐஸ் கம்பெனின்னா அப்படித்தானண்ணே.

தங்கப்பாண்டி: ஏம்மா, ரோபோ அவரத் தாண்டிப் போகுது! கிட்டத்துல விட்டுப் பாரு!

தாமரைச்செல்வி: பாத்து? அதால தூக்க முடியாதுண்ணே, நீங்கதான் தூக்கணும். நீங்க போற வழியத்தான் மொதல்ல பாக்கணும்.

தங்கப்பாண்டி: கல்லு மனசும்மா ஒனக்கு.

தாமரைச்செல்வி: ...இருக்கட்டும்ண்ணே.

மலைச்சாமி: வாய மூடுறா தங்கப்பாண்டி. நீ ஓட்டும்மா.

தாமரைச்செல்வி: அந்தா! நடுவுல மூணு பலகை இல்ல சார். பெரிய குழி.

தங்கப்பாண்டி: ...நாலு பேரும் அதுக்குள்ளதான் போயிருப்போம்.

மலைச்சாமி: வழியச் சொல்லும்மா.

தாமரைச்செல்வி: இடது செவர ஒட்டிப் பத்தடி. தூணு வந்ததும் வலது பக்கம் திரும்பிப் பதினஞ்சடி. குனிஞ்சே போங்க, அந்த வாயு மேலதான் ஏறும்.

மலைச்சாமி: கேட்டேல்ல? ஓடு! வாக்கி டாக்கி ஆன்லயே இருக்கட்டும். நீ ஒரு வாய் தண்ணி குடிம்மா.

தாமரைச்செல்வி: வேணாம் சார். அண்ணே, தூணு வந்திருச்சு... இப்பத் திரும்புங்க. இன்னும் ரெண்டடி... காலடியில பாருங்க.

தங்கப்பாண்டி: ஆளத் தூக்கிட்டோம்யா! மூச்சு இருக்கு!

மலைச்சாமி: செவர விட்டுறாம வா!

தங்கப்பாண்டி: வாரோம்... வந்துட்டோம்யா. கண்ணத் தொறந்துட்டாரு. ஆம்புலன்சுல கூடப் போகணும், சொந்தக்காரங்க யாராச்சும் வந்திருக்காகளா?

தாமரைச்செல்வி: நான் போறேன்ண்ணே... அவரு எங்கப்பா.

தங்கப்பாண்டி: என்னம்மா சொல்ற! ஐயா... ஒங்களுக்குத் தெரியுமா?

மலைச்சாமி: உள்ள இருக்குறது மொக்கையன், இந்தப் பொண்ணு அவரு மகதான்னு, இவுக வந்து எறங்குனதுமே வாட்ச்மேன் சொல்லிட்டான்டா. தெரிஞ்சதாக் காட்டிக்கிட்டா, மனசு எளகி 'ரோபோவ அவருகிட்டயே திருப்பும்மா'ன்னு நானே சொல்லிருவேனோன்னுதான் கம்முன்னு இருந்தேன்.