ஐம்பத்தெட்டாம் எண் வீட்டின் அடுப்பு

வயது எழுபத்தொன்று. ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்து காலமானவரின் மனைவி. கான்வென்டில் பள்ளியிறுதி வரை படித்து, ஓர் அச்சகத்தில் இருபத்தாறு வருடம் பிழை திருத்துபவராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கால்வாய்க் கரை குடியிருப்பு, மூன்றாம் சந்து, கதவு எண் ஐம்பத்தெட்டில் முப்பத்தெட்டு வருடமாகக் குடியிருக்கிறேன். அங்கே டீச்சரம்மா என்று கேட்டால் வீட்டைக் காட்டுவார்கள். நான் ஆசிரியையாக இருந்ததில்லை. திருத்திச் சொல்லியும் யாரும் மாற்றிக்கொள்ளவில்லை.

புது அடுக்குமாடியில் பிறர் வீட்டுக்குள் அத்துமீறி நுழைந்ததாக என்மீது வந்துள்ள புகார் குறித்து விசாரித்ததில் நான் சொல்வதாவது:

கால்வாயை அகலப்படுத்துவதற்காக எங்கள் குடியிருப்பை எடுத்துவிட்டு, ஊருக்கு வெளியே கட்டியுள்ள அடுக்குமாடியில் வீடு கொடுப்பதாகச் சென்ற வருடம் அறிவித்தார்கள். ஓர் அடுப்புக்கு ஒரு வீடு என்பது விதி. கணக்கெடுக்க வந்த மேற்பார்வையாளர், படிவங்களைப் பிழையில்லாமல் நிரப்ப ஆள் வேண்டும் என்று என்னைக் கேட்டுக்கொண்டார். சம்பளம் கிடையாது. ஒப்புக்கொண்டேன்.

முதல் நாளே, பக்கத்து வீடான ஐம்பத்தேழில் இருக்கும் என் நாத்தனார், தன் மூத்த மகனுக்கும் மருமகளுக்கும் தனிப் படிவம் எழுதச் சொன்னாள். அவர்கள் அவளோடு ஒரே அடுப்பில் சாப்பிடுகிறவர்கள். மூலையில் புது ஸ்டவ் ஒன்று விலைச்சீட்டைக்கூடக் கிழிக்காமல் இருந்தது. எழுத முடியாது என்றேன். "அண்ணி, பேனா உங்க கையில இருக்கு. ஒரு வரி எழுதினா மை தீர்ந்துடுமா?" என்றாள். பிறகு சிரித்தாள். அத்தோடு விட்டுவிட்டாள் என்று நினைத்தேன்.

அதன் பிறகு, கணக்குக்காக வாங்கி வைத்த அடுப்புகள் எல்லாச் சந்துகளிலும் இருப்பதைக் கண்டு, காலைச் சமையல் நேரத்தில் போய்ப் புறங்கையால் அடுப்பைத் தொட்டுப் பார்த்து, சூடாக இருந்தால் மட்டும், அதில் சமைக்கிற குடும்பத்தின் பெயரில் எழுதலாம் என்று மேற்பார்வையாளருக்கு யோசனை சொன்னவள் நான்தான். இதை மறைக்க விரும்பவில்லை. நான்கு நாட்களில் இருநூற்றுப் பன்னிரண்டு படிவங்கள் எழுதினேன். ஒன்பது அடுப்புகளைத் தள்ளுபடி செய்தேன். அதில் ஒன்று எதிர்வீட்டு இஸ்திரிக்காரம்மாவின் மகளுடையது. "விறகு நனைஞ்சுபோச்சு டீச்சரம்மா, அதான் இன்னைக்கு மூட்டல" என்றாள் இஸ்திரிக்காரம்மா. விறகையும் தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது.

அந்த நான்கு நாளும் நாத்தனார், "வெயில்ல அலையறீங்க, வந்து அடுப்பு வேற பத்த வைக்கணுமா?" என்று இரண்டு வேளையும் எனக்குச் சாப்பாடு கொடுத்தனுப்பினாள். மேற்பார்வையாளரும் என்னோடு உட்கார்ந்து அதைச் சாப்பிட்டிருக்கிறார். தண்ணீர் பிடித்து வைக்கிறேன் என்று அவள் கேட்டதால் என் வீட்டுப் பூட்டின் சாவியை அவளிடம் கொடுத்துவிட்டுப் போனேன்.

என் வீட்டுப் படிவத்தை நானே எழுதுவது முறையல்ல என்பதால் அதை மேற்பார்வையாளரிடம் விட்டேன். நான்காம் நாள் காலை அவர் அங்கே போனபோது நான் ஏழாம் சந்தில் இருந்தேன். பக்கத்தில் நிற்பதும் சரியல்ல என்று தோன்றியது. அன்று மாலை வீடு திரும்பியபோது என் ஸ்டவ் துடைத்துப் பளிச்சென்று இருந்தது. நாத்தனாருக்கு நன்றி சொன்னேன். "இதுல என்ன அண்ணி" என்றாள்.

மூன்று மாதம் கழித்து ஒட்டிய பட்டியலில், ஐம்பத்தெட்டாம் எண் வீட்டின் குடும்பத் தலைவராக நாத்தனாரின் மூத்த மகன் இருந்தான். என் பெயர் ஐம்பத்தேழில், நாத்தனாரைச் சார்ந்து வாழ்பவர் என்று இருந்தது. மேற்பார்வையாளர் படிவத்தை எடுத்துக் காட்டினார். என் கணவர் பட்டறையில் இரும்பு வெட்டிச் செய்த நான்கு கால் ஸ்டாண்டின் மேல் இருக்கும் என் ஸ்டவ்வில், அன்று காலை நாத்தனாரின் மருமகள் சமைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அண்ணி எங்களோடுதான் சாப்பிடுகிறார், வீட்டை மகனுக்கு விட்டுக்கொடுத்துவிட்டார் என்று நாத்தனார் சொல்லியிருக்கிறாள். "நீங்க சொன்ன மாதிரியே தொட்டுப் பாத்தேம்மா, சுட்டுச்சு" என்றார் மேற்பார்வையாளர்.

அதன் பிறகு நாத்தனாரிடம் போய்க் கேட்டேன். "நீங்க ஒண்டிக்கட்டை அண்ணி. எம்புள்ளைக்கு நாளைக்குக் குழந்தை குட்டின்னு ஆகும். எங்ககூடவே ஒரு ஓரமா இருந்துட்டுப் போங்க, யார் வேணாம்னா? சட்டம் நீங்க போட்டதுதானே" என்றாள். அவள் மகன் குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான். செருப்பு அவன் காலில் இருந்தது.

மேல்முறையீட்டுக்கு அக்கம்பக்கத்தார் இருவரின் சாட்சி வேண்டும் என்றார்கள். இஸ்திரிக்காரம்மாவிடம் போனேன். "அன்னைக்கு யார் சமைச்சாங்கன்னு நான் வந்து பாக்கலையே. பாக்காததை எழுதக் கூடாதுன்னு நீங்கதானே சொல்லுவீங்க?" என்றாள். அடுப்பு தள்ளுபடியான மற்ற எட்டு வீட்டாரும் கதவைத் திறக்கவில்லை.

சென்ற திங்கட்கிழமை அடுக்குமாடியில் சாவி கொடுத்தார்கள். ஐம்பத்தெட்டு என்று கூப்பிட்டதும் நாத்தனாரின் மகன் எழுந்து போனான். அவன் பதிவேட்டில் கையெழுத்துப் போடக் குனிந்தபோது மேசைமேல் இருந்த சாவியை நான் எடுத்துக்கொண்டு, மூன்று மாடி ஏறி, உள்ளே போய்த் தாழிட்டுக்கொண்டேன். கதவை உடைத்ததாகவும் கெட்ட வார்த்தை பேசியதாகவும் புகாரில் இருப்பது பொய். கெட்ட வார்த்தை எனக்குப் படிக்கத்தான் தெரியும். மறுநாள் காலை பெண் காவலர் ஒருமுறை தட்டியதும் திறந்தேன்.

நாத்தனாரும் மகனும் இன்று நிலையத்துக்கு வந்து, புகாரைத் திரும்பப் பெறுவதாகவும், சாகும்வரை நான் அவர்களோடு இருக்கலாம் என்று எழுதித் தருவதாகவும் சொன்னதாக ஆய்வாளர் தெரிவித்தார். எனக்குச் சம்மதமில்லை. என் வீட்டை என் பெயருக்கு மாற்ற வழியில்லை என்றால், ஐம்பத்தேழாம் எண் படிவத்தில் குடும்பத் தலைவிக்கு என்ன உறவு என்ற கட்டத்தில் 'அண்ணி' என்றிருப்பதை அடித்துவிட்டு 'உறவு இல்லை' என்று எழுத வேண்டும். அப்படிச் செய்தால் எந்தப் படிவத்திலும் நான் இருக்கமாட்டேன், அடுத்த வாரம் குடியிருப்பை இடிக்கும்போது ஒரு மூலைகூட எனக்குக் கிடைக்காது என்று ஆய்வாளர் இரண்டு முறை எடுத்துச் சொன்னார். அது எனக்குத் தெரியும். அடித்த இடத்தில் சுருக்கொப்பம் வைக்கக் கூப்பிட்டால் வருவேன். எந்த முகவரிக்குக் கடிதம் போடுவது என்பதை மட்டும் இப்போது சொல்ல இயலவில்லை.

இதில் உள்ளதெல்லாம் யாருடைய தூண்டுதலும் இல்லாமல் நானாகச் சொன்னது, நடந்தது. வாசித்துக் காட்டுகிறோம் என்றார்கள். தாளை வாங்கி நானே படித்தேன். கைநாட்டுக்கு மை நீட்டினார்கள். பேனா கேட்டு வாங்கிக் கையெழுத்திட்டேன்.

(ஒப்பம்)

என் முன்னிலையில் பதிவு செய்யப்பட்டது.
உதவி ஆய்வாளர்