கேட்டாச்சா அண்ணன்

மேடையில் இருக்கும் நம் பத்திரிகையின் தலைமை ஆசிரியர் அவர்களே, சங்கச் செயலாளர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அண்ணி அவர்களே, இயந்திரத்தை நிறுத்திவிட்டு மாடியேறி வந்திருக்கும் அச்சகத் தோழர்களே, வணக்கம்.

மறைந்த நம் செய்தி ஆசிரியர் அண்ணனுக்கு நாம் வைத்த பெயர் கேட்டாச்சா. அது அவருக்கும் தெரியும். யாரையாவது குற்றம் சொல்லும் செய்தி மேசைக்கு வந்தால் தலைப்பைக்கூடப் படிக்க மாட்டார். “அவர்கிட்ட கேட்டாச்சா?” இல்லை என்றால் தாள் திரும்பி வரும். ஆச்சு என்றால் அடுத்த கேள்வி. “அவர் சொன்னதை அவருக்கே படிச்சுக் காட்டினியா?”

குடித்தனக்காரரை வெளியே தள்ளிய வீட்டுக்காரர் ஒருவருக்குப் படித்துக் காட்டினேன். காது கூசத் திட்டினார்.

“திட்டுறார், அண்ணே.”

“திட்டட்டும்மா. நாளைக்குப் பேப்பரைப் பார்த்து நெஞ்சைப் பிடிக்கிறதுக்கு, இன்னிக்கே திட்டிட்டா அவர் உடம்புக்கு நல்லது.”

இரண்டு பக்கமும் எழுதிவிட்டால் போதும் என்று நினைத்தவரா அவர்? ஒரு கிடங்கின் சுவர் இடிந்து உள்ளே இருந்தவர்கள் இறந்தார்கள். தொழிலாளர்கள் ஒன்று சொன்னார்கள். முதலாளி ஒன்று சொன்னார். இருவருக்கும் சமமாக வரிகள் கொடுத்திருந்தேன். உள்ளுக்குள் எனக்குப் பெருமை.

“சுவரைக் கேட்டாச்சா?” என்றார்.

“சுவரையா?”

“ரெண்டு பேர் சொன்னதையும் போட்டுட்டுக் கையை உதறிட்டுப் போறதுக்கு நீ எதுக்கு? போய்ப் பாரு.”

போய்ப் பார்த்தேன். இடிந்த தூண்களுக்குள் கம்பியே இல்லை.

இப்போது அவர் இறந்த செய்திக்கு வருகிறேன். எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது. நம்முடையதிலும் வந்தது. அதிவேகமாக வந்த வேன் மோதியது. தப்பியோடிய ஓட்டுநரைப் பொதுமக்கள் மடக்கிப் பிடித்தனர்.

அதிவேகம். அளந்தது யார்? தப்பியோட்டம். அவர் எங்கே ஓடினார் என்று கேட்டது யார்?

அவர் மேசை காலியாக இருந்தது. தாள் திரும்பி வரவில்லை. அச்சுக்குப் போய்விட்டது.

நேற்று அந்த ஓட்டுநரின் வீட்டுக்குப் போனேன். வீடு வீடாகத் தண்ணீர் கேன் போடுகிறவர். காவலில் இருக்கிறார். மனைவி கதவைப் பாதிதான் திறந்தார்.

“பேப்பரா? எழுதி முடிச்சப்புறம் எதுக்கு வந்தீங்க?”

அவரே தொடர்ந்தார்.

“ஓடினார். இல்லைன்னு சொல்லலை. முக்குல இருக்கிற ஆஸ்பத்திரிக்கு ஓடினார். ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கிட்டுத் திரும்பி வந்தவரைத்தான் பிடிச்சு அடிச்சிருக்காங்க.”

ஆஸ்பத்திரிக் காவலாளியிடம் கேட்டேன். “ஆமா, நான்தான் எடுத்துக் கொடுத்தேன். இதை யாரும் கேக்கவே இல்லையே” என்றார்.

அந்தப் பெண் இன்னொன்றும் சொல்லியிருந்தார். “போன் பேசிக்கிட்டே ரோட்ல இறங்கிட்டாராம் பெரியவர். இவர் சொன்னா யாரும் நம்பலை.”

நான் நம்பினேன். அந்தப் போனின் மறுமுனையில் இருந்தது நான்.

ஒரு பள்ளியின் பெண் முதல்வர் மீது பெற்றோர் சொன்ன புகாரை எழுதியிருந்தேன். அதற்காக அண்ணன் என்னைப் போனில் அழைத்தார்.

“அந்தம்மாகிட்ட கேட்டாச்சா?”

“போனை எடுக்க மாட்டேங்கறாங்க, அண்ணே.”

“நேர்ல போ.”

பிறகு ஒரு சத்தம். அது இன்னும் என் வலது காதில் இருக்கிறது. இப்போதெல்லாம் போனை இடது காதில் வைக்கிறேன். அங்கேயும் கேட்கிறது.

நேற்று மாலை அண்ணியிடம் இதைச் சொன்னேன். வெளியிலும் சொல்லப் போகிறேன் என்றேன்.

“வேண்டாம்மா. ரோட்டைப் பார்க்காம நடந்தார்னு பழியை அவர் மேலயே போட்டுடுவாங்க. போனவருக்கு இது தேவையா?”

பிறகு, “கடைசியா என்ன சொன்னார்?” என்று கேட்டார்.

“நேர்ல போன்னார்.”

அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டார். சரி என்று சொல்லவில்லை. மறுபடி வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

அண்ணி, உங்கள் முன்னால் இதைச் சொல்வது கொடுமைதான். உங்களுக்குத் தெரியாமல் சொல்வது அதைவிடக் கொடுமை என்று நினைத்தேன்.

வேன் வேகமாக வந்ததா? எனக்குத் தெரியாது. நான் சாலையில் இல்லை. அவர் பேசிக்கொண்டிருந்தார் என்பது தெரியும். அந்த மனிதர் எங்கே ஓடினார் என்பது இப்போது தெரியும். இவ்வளவுதான்.

நண்பர்களே, நாம் போட்ட செய்தியைத் திருத்த வேண்டும். அதை நான் எழுதக் கூடாது. நான் அந்தச் செய்திக்குள் இருக்கிறேன். உங்களில் ஒருவர் எழுதுங்கள். ஓட்டுநரிடம் கேளுங்கள். அடித்தவர்களிடம் கேளுங்கள். அண்ணியிடம் கேளுங்கள். என்னிடமும் கேளுங்கள். நான் சொன்னதை எனக்கே படித்துக் காட்டுங்கள். அவர் வேலையைத் தொடர்வோம் என்று இந்த மேடையில் எல்லோரும் சொன்னோம். வேலை இதுதான்.

கூட்டம் முடிந்ததும் காவல் நிலையத்துக்குப் போகிறேன். போனில் சொன்னால் போதும் என்றார்கள்.

நேரில் போகிறேன், அண்ணே.