ஒரே பெயரில் ஆறு குப்பிகள்

அருளாளன் அல்லாஹ்வின் திருப்பெயரால் தொடங்குகிறேன்.

தாங்க முடியாத புழுக்கத்திலும் தலைமைக் கதிரையில் தளராது வீற்றிருக்கும் எத்தாளை மீனவர் சங்கத் தலைவர் லாபிர் ஹாஜியார் அவர்களே! பள்ளிவாசல் நிர்வாகத்துப் பெரியோர்களே! கனமூலையிலிருந்து கடும் வெயிலில் வந்திறங்கிய, தோட்டம் செய்யும் கமக்காரச் சகோதரர்களே! தொண்ணூறிலே விரட்டப்பட்டு மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் விட்டு, உடுத்த துணியோடு வந்து, இன்று இந்த மண்ணின் உப்போடு உப்பாகிவிட்ட உறவுகளே! தலவிலப் பக்கமிருந்து வந்து பின்வரிசையில் நிற்கும் தோழர்களே! திரைக்கு அப்பால் அமர்ந்து, எங்கள் வீறாப்பையெல்லாம் கேட்டும் கேளாதவர்போல் பொறுத்திருக்கும் தாய்மார்களே! உங்கள் எல்லோர் மீதும் இறைவனின் சாந்தி இறங்கட்டும். அஸ்ஸலாமு அலைக்கும்!

என்னை உங்களுக்குத் தெரியும். கலியாண வீடா, ஸியாத் பேசுவான். கால்பந்துக் கிண்ணமா, ஸியாத் பேசுவான். மைக்கைக் கண்டால் விடமாட்டான் என்று நீங்கள் சொல்வதும் எனக்குத் தெரியும். ஆனால் இன்று உங்கள் முன் நிற்பவன் மேடை ஸியாத் அல்லன். கற்பிட்டி வீதியில் இரத்தப் பரிசோதனை நிலையம் வைத்திருக்கும் ஸியாத். உங்களிடம் மன்றாட வந்து நிற்கிறேன். ஏன்?

இந்தப் பந்தலுக்குள் ஒருவர் இருக்கிறார். அவருடைய பார்வை போய்க்கொண்டிருக்கிறது. அவருக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும். ஆனால் அவர் யாரென்று எனக்குத் தெரியாது! அதற்குக் குற்றவாளியும் நான்தான்.

பொறுங்கள், சொல்கிறேன். எழும்பாதீர்கள்.

ஐந்து மாதமாக நம் ஊரில் ஒரு கதை உலாவியது. நாற்பதைத் தாண்டிய ஆண்களுக்குச் சோர்வு. வலை இழுக்கும் தோளில் வலுவில்லை. மனைவியின் பக்கம் மனம் திரும்பவில்லை. ஆண்மையைக் காக்கும் ஒரு சுரப்பு, ஓர் ஓமோன், உடம்பில் உண்டு. டெஸ்டோஸ்டெரோன் என்பார்கள் டொக்டர்மார். அது வற்றிவிட்டதாம்! ஏன் வற்றியது? தோட்டத்துப் பூச்சிமருந்து கிணற்றில் இறங்கியதால் என்றார் ஒருவர். மின்சாரக் காற்றாடிக் கோபுரத்தால் என்றார் இன்னொருவர். புரொயிலர் கோழியால் என்றார் மூன்றாமவர். கோழியை விட்டீர்கள், குறை தீர்ந்ததா? தலவில தேவாலயப் பெருநாள் கூட்டத்தில் எவனோ விற்ற லேகியத்தை நக்கினீர்கள், தெம்பு வந்ததா? வயிற்றோட்டம் வந்தது! சிரிக்கிறீர்கள். ஆனால் ஒருவர் குறையைப் பெண்சாதியின் தலையில் போட்டு, அவளை அவள் உம்மா வீட்டுக்கே அனுப்பிவிட்டார். அதற்கும் சிரிப்பீர்களா?

பிறகு என்னிடம் வந்தீர்கள். எப்படி வந்தீர்கள்? நெஞ்சை நிமிர்த்தி முன்வாசலாலா? இல்லை. மஃரிப் தொழுகைக்குப் பிறகு, இருட்டியதும், தலையைத் துவாயால் மூடிக்கொண்டு, பின்கேற்றால்!

அண்ணனிடம் கெஞ்சுவதுபோல் கெஞ்சினீர்கள்: "வெளிச்சம் வேணாம், நானா."

அணைத்தேன். கைமடிப்பில் மட்டும் டோர்ச் அடித்து ஊசி குத்தினேன். எந்த முகத்தையும் நான் பார்க்கவில்லை. ரிப்போட்டை வாங்கவும் ஜன்னலால் ஒரு கைதான் நீண்டது. அதை மரியாதை என்று நினைத்தேன். அந்த மரியாதையைப் பற்றிப் பெருமையும் பட்டேன்.

"பேர் சொல்லுங்க" என்பேன். மொத்தம் பதினைந்து பேர். ஒன்பது பேர் உண்மைப் பெயரைச் சொன்னார்கள். மற்றவர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? "ஹயாத்து முகம்மது."

நமது சங்கத்தின் முன்னாள் தலைவர் ஹயாத்து முகம்மது மௌத்தாகி ஒன்பது வருடம்! பொய் சொல்ல வேறு பெயரா கிடைக்கவில்லை? உயிரோடிருப்பவன் பெயரைச் சொன்னால் சண்டைக்கு வருவான், மௌத்தானவர் வரமாட்டார் என்ற துணிவு! என் பதிவுக் கொப்பியில் ஆறு ஹயாத்து முகம்மதுகள். திரைக்கு அப்பால் இருக்கும் அவருடைய மனைவி சித்தி லெய்லா உம்மா அவர்களே, உங்களிடம் இந்தச் சபையறிய மன்னிப்புக் கேட்கிறேன். பொய்யென்று தெரிந்துகொண்டே எழுதினேன். அதைவிடவும் வெட்கக்கேடு ஒன்று இருக்கிறது. அந்தப் பெயரில் வந்தவர்கள் ஐந்து பேர்தான். ஆறாவது கை என்னுடையது! என் நிலையத்தில், கதவைப் பூட்டிவிட்டு, என் இரத்தத்தை நானே எடுத்து, என் கொப்பியில் நானே பொய்ப் பெயர் எழுதினேன்!

என்ன மின்ஹாஜ், முன்வரிசையிலிருந்து "நீங்களுமா, நானா?" என்றா கேட்கிறாய்? ஓம் தம்பி, நானும்தான்.

பதினைந்து பேருக்கும் குறைவு என்று வந்தது. நானும் பயந்துபோய், நம் ஆஸ்பத்திரி டொக்டர் முஃப்லிஹாவிடம் ரிப்போட்டுகளைக் கொண்டுபோனேன். அவர் ஒரு கேள்விதான் கேட்டார்.

"எத்தின மணிக்கு ரத்தம் எடுத்தீங்க?"

"மஃரிபுக்குப் பொறகு, டொக்டர்."

"எல்லாருக்குமா?"

"ஓம், எல்லாருக்கும்."

தலையில் கை வைத்தார். "ஸியாத் நானா, இது காலம்பறதான் கூட இருக்கும். பொழுது போகப் போக எறங்கிரும். இது ஒங்களுக்குத் தெரியாதா? நீங்க ஓமோன அளக்கல்ல, வெக்கத்ததான் அளந்திருக்கீங்க."

தெரியும், சபையோரே! படித்தவன்தான் நான். காலையில் வரச் சொன்னால் ஒருவரும் வரமாட்டீர்கள் என்று வாயை மூடிக்கொண்டேன்.

பெயர் சொன்ன ஒன்பது பேரையும் காலையில் அழைத்து மீண்டும் பார்த்தோம். ஆறு பேருக்குக் குறையே இல்லை! மூன்று பேருக்குக் குறை இருந்தது. இருவருக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. வயிறும் முன்னால் வந்திருக்கிறது. மூன்றாமவருக்குக் குறட்டை. தூக்கத்தில் மூச்சு அடைபட்டு அடைபட்டு உடம்பே ஓய்ந்துவிட்டது. கிணறுமில்லை, காற்றாடியுமில்லை. ஆளுக்கொரு காரணம், காரணத்துக்கொரு வைத்தியம்.

இனித்தான், சபையோரே, பெரிய விஷயம் வருகிறது.

ஹயாத்து முகம்மது பெயரில் மிஞ்சியிருந்த இரத்தத்தை டொக்டர் கொழும்புக்கு அனுப்பினார். நேற்று முன்தினம் முடிவு வந்தது. நான்காம் குப்பியில் இன்னொரு ஓமோன் எக்கச்சக்கமாக ஏறியிருக்கிறது. மூளைக்கு அடியிலுள்ள சுரப்பியில் ஒரு கட்டி இருக்கலாம். ஆண்மையை அமுக்குவது அதுதான். அது வளர்ந்தால் கண் நரம்பையும் நெரிக்கும். பெரும்பாலும் குளிசை மாத்திரையாலேயே சுருக்கிவிடலாம் என்கிறார் டொக்டர். ஆனால் பிந்தினால்? போன பார்வை திரும்புமென்று அவர் வாக்குத் தரவில்லை.

நேற்று ஜும்ஆத் தொழுகைக்குப் பின் அறிவித்தோம். "ஹயாத்து முகம்மது என்று பெயர் கொடுத்தவர்கள் வரவும்." வந்தார்களா? யார் வருவார்!

ஐந்து பேரில் ஒருவரே! கேளுங்கள். உங்களுக்கு ஓயாத தலையிடி இருக்கும். நேரே உள்ளது தெரியும், பக்கத்தில் உள்ளது தெரியாது. பாதையில் சைக்கிள்காரன் ஏசியிருப்பான். கடலில் பக்கத்தால் படகு வந்தால் யார் ஏசுவார்? இடித்த பிறகு ஏசுவதற்கு யார் இருப்பார்?

திரைக்கு அப்பால் ஒரு சகோதரி பேசுகிறார். அமைதி, அமைதி! சொல்லுங்கள் ராத்தா.

"எங்கட வீட்டு ஆளும் கதவு நிலையில தோள் இடிபடுறார், நானா. கேட்டா பாய்றார்."

பெயர் சொல்லாதீர்கள், ராத்தா. இருங்கள். அதை அவர்தான் சொல்ல வேண்டும். அடுத்து... சித்தி லெய்லா உம்மாவா? சொல்லுங்கள்.

"எண்ட மனுசன்ட பேர எத்தின பேரும் எடுத்துக்கோங்க. ஆளக் காப்பாத்துங்க."

கேட்டீர்களா, ஆண்களே! மௌத்தானவர் பெயரை நாம் திருடினோம்; அவர் மனைவி நம் உயிருக்காக மன்றாடுகிறார். இதற்கு மேலும் வெட்கப்பட நம்மிடம் என்ன மிச்சமிருக்கிறது? காய்ச்சலுக்கு வெட்கப்பட்டீர்களா? கால் முறிந்தால் வெட்கப்பட்டீர்களா? இதற்கு மட்டும் ஏன்?

இன்றிரவு ஒரு படகும் இறங்காது என்று சங்கம் முடிவெடுத்திருக்கிறது. ஓம், ஓரிரவு உழைப்பு போகும். போகட்டும்! உறங்குங்கள். விடிந்ததும் பாடசாலை மண்டபத்துக்கு வாருங்கள். ஒருவரை மட்டும் வரச் சொன்னால் கூசுவார். நாற்பதைத் தாண்டிய எல்லோரும் வருவோம். வெளிச்சத்தில் வருவோம். சொந்தப் பெயரில் வருவோம். இதோ புதுக் கொப்பி. முதல் பெயரை நானே எழுதுகிறேன்: ஸியாத், வயது நாற்பத்தொன்பது.

யார் அடுத்து? யார்?

லாபிர் ஹாஜியார் எழும்புகிறார்! எழுதுகிறேன், தலைவரே. முபாரிஸ், கையைத் தூக்குகிறீர்களா? உங்களையும் எழுதுகிறேன். பின்வரிசைத் தோழர்களே, தள்ளாதீர்கள், எல்லோரையும் எழுதுவேன்.

நில்லுங்கள். நடுவால் ஒருவர் வருகிறார். வழி விடுங்கள். கதிரையில் இடிபடுகிறார், பாருங்கள். இரு பக்கமும் கதிரைகளை இழுத்துக்கொள்ளுங்கள்! அவருக்கு அவை தெரியாது. கையைப் பிடிக்க வேண்டாம், அவராகவே வருகிறார். வாருங்கள் தம்பி. பெயர்?

"நௌஃபர். ஸலாஹுதீன்ட மகன் நௌஃபர். வடிவா, தெளிவா எழுதுங்க, நானா."

எழுதிவிட்டேன்.

இதற்கு மேல் பேச்சு எதற்கு, சபையோரே? பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், திரைக்கு அப்பால் குரல் கொடுத்த தாய்க்கும் சகோதரிக்கும், கதிரைகளை நகர்த்திய கைகளுக்கும் என் நன்றி. விடிந்ததும் சந்திப்போம். வஸ்ஸலாம்.