முள்ளுமுறுக்குப் பல்

பதுளையிலிருந்து மடுல்சீமைக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஒருத்தி அட்டையில் செய்த பெரிய சுறாவை மடியில் வைத்திருந்தாள். பக்கத்தில் இருந்தவள் அதை எட்டிப் பார்த்தாள்.

"ஏன்டி, இதுக்குப் பல்லக் காணோம்?"

"தின்னுட்டாங்கக்கா."

"பல்லையா?"

"மகளோட ஸ்கூல் கண்காட்சிக்குச் செஞ்சது. டைனோசருக்கும் முந்தி இருந்த சுறாவாம். கீழ்த்தாடையில பல்லெல்லாம் வட்டமா சுருண்டு இருக்குமாம். படத்தப் பாத்தா அச்சு அசல் நம்ம முள்ளுமுறுக்கு. தீவாளிக்குச் சுட்டதுல பெருசா ஒண்ண எடுத்து நூலால கட்டிவிட்டேன்."

"அப்புறம்?"

"பரிசு குடுக்க வந்த சேரு, பேசிக்கிட்டே ஒடைச்சு வாயில போட்டுட்டாரு."

"அடப்பாவமே! புள்ள அழுதாளா?"

"அவளா? 'சேர், நெசத்துல இந்த மீனோட ஒடம்பெல்லாம் மக்கிப்போயி, பல்லு மட்டுந்தான் கல்லுல மிச்சம். நீங்க ஒடம்ப விட்டுட்டுப் பல்ல முடிச்சிட்டீங்க'ன்னுட்டா. அவரு சிரிச்சு சிரிச்சு, மொதப் பரிசே குடுத்துட்டாரு."

"அம்புட்டுத்தானா?"

"எங்க? போகும்போது எங்கிட்ட மெதுவா வந்து, 'இன்னொரு பல்லு இருக்குமாம்மா?'ன்னு கேட்டாருக்கா."