பதினெட்டு டிகிரி

டின்னில் வரும் பார்லி மால்ட் பாகை வாங்கி வீட்டில் பீர் போடுகிறவர்கள், பீர் கெட்டுப்போனால் டின்னைத்தான் திட்டுவார்கள். டின் என்ன செய்யும், சார்ஜென்ட்? கெடுப்பது மூன்று. மூடிக்கு அடியில் பொட்டலமாக ஒட்டியிருக்கும் கிழட்டு ஈஸ்ட், கிலோக்கணக்கில் கொட்டும் வெள்ளைச் சர்க்கரை, வெயில். முதல் இரண்டையும் கடைக்குப் போனால் சரிசெய்துவிடலாம். நல்ல ஈஸ்ட் கிடைக்கும், சர்க்கரைக்குப் பதில் மால்ட் பொடி கிடைக்கும். மூன்றாவதற்கு ஒழுக்கம் வேண்டும். இந்த ப்ரோக்கன் ஹில் ஊரில் அது என்னைத் தவிர யாரிடமும் இல்லை.

என் மாமனார் மெர்வ் டாங்கினிடம் அறவே இல்லை. நாற்பது வருஷம் சுரங்கத்தில் வேலை பார்த்தவர், எண்பத்தொரு வயது, எங்களோடுதான் இருந்தார். அவர் முறை இது: டின்னைப் பிளாஸ்டிக் பீப்பாயில் கவிழ்ப்பார், ஒரு கிலோ சர்க்கரை, தோட்டத்துக் குழாய்த் தண்ணீர், கிளறுவதற்குக் கையில் அகப்படும் எதுவும். ஒருமுறை கிரிக்கெட் ஸ்டம்ப்பால் கிளறினார். பிறகு பீப்பாயைக் கார் ஷெட்டில் வைத்து மறந்துவிடுவார். அந்தச் சூட்டில் ஈஸ்ட் வெறிபிடித்துப் பொங்கி, பத்து நாளில் நகப்பூச்சும் அழுகின வாழைப்பழமும் கலந்த வாசனையில் ஒரு திரவம் வரும். அதற்கு ஊர்க் கண்காட்சியில் மூன்று வருஷமாக முதல் பரிசு. நடுவர் ஒரு கசாப்புக் கடைக்காரர். என் பீருக்கு அவர் எழுதித் தந்த குறிப்பு, 'நல்ல முயற்சி.' நான் இருபத்தாறு வருஷம் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் இருந்தவன்.

"விடு மாப்ளே," என்றார் மெர்வ், கிளப்பில் எல்லார் முன்னாலும். "நீ பீரா போடறே? ரத்தப் பரிசோதனை பண்றே. குடிக்கிறவனுக்கு ரிசல்ட் என்ன வருமோன்னு பயமா இருக்கு."

கிளப்பே சிரித்தது. அங்கே எதற்கும் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைவு.

இந்த வருஷம் முதல் பரிசு எனக்கு வரவேண்டும் என்று முடிவு செய்தேன். கண்காட்சிக்கு ஆறு வாரம் இருந்தது. உடனே போட்டால்தான் பாட்டிலில் பக்குவப்பட நேரம் கிடைக்கும். ஆனால் அந்த வாரம் முழுக்க நாற்பத்தாறு டிகிரி என்று ரேடியோ சொன்னது. என் மனைவி லொரெய்ன், அக்காவின் ஆபரேஷனுக்காக அடிலெய்டு போயிருந்தாள். வீட்டில் இருந்தது ஒரே ஒரு ஏசி, மெர்வின் அறை ஜன்னலில். அதைக் கழற்றி, என் பீப்பாயை வைத்திருந்த துணி துவைக்கும் அறையில் பொருத்தி, பதினெட்டு டிகிரியில் வைத்தேன். அவருக்கு மேசை விசிறி கொடுத்தேன். புது விசிறி.

பீப்பாயை அவர் அறையிலேயே வைத்திருக்கலாமே என்பீர்கள். யோசிக்காமல் இல்லை. அவர் மூடியைத் திறந்து மோந்து பார்ப்பார். தவிர, ஏசியை இருபத்தைந்தில் வைப்பார்; பதினெட்டு என்றால் முட்டி வலிக்குமாம். நொதிக்கும் முதல் மூன்று நாளில் இரண்டு டிகிரி ஏறினாலே சுவை போய்விடும். ஸ்டம்ப்பால் கிளறுகிறவருக்கு இதை எப்படி விளக்குவது?

லொரெய்ன் தினமும் போன் செய்தாள். "அப்பா எப்படி இருக்கார்? வெயில் அங்க கொளுத்துதாமே."

"ஏசி நிக்காம ஓடிட்டிருக்கு," என்றேன். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அவரிடம் போனைக் கொடு என்றால், தூங்குகிறார் என்றேன். இரண்டாம் நாளிலிருந்து பெரும்பாலும் அதுவும் உண்மைதான்.

மூன்றாம் நாள் மதியம் மெர்வ் எழுந்து வந்து, துவைக்கும் அறைக் கதவைத் தட்டினார். பக்கத்து வீட்டுக்காரர்கள் கடற்கரைக்குப் போயிருந்தார்கள். அவருக்கு வேறு போக்கிடம் இல்லை. தாழ்ப்பாள் உள்பக்கம் போட்டிருந்தது. ஆமாம், நான் உள்ளேதான் இருந்தேன். அரை மணிக்கொரு தரம் வெப்பநிலையைக் குறிக்க ஆள் வேண்டாமா? ஒரு நாற்காலி போட்டிருந்தேன். இன்னொன்றுக்கும் இடம் இருந்தது. அதைத்தான் நீங்களே அளந்துவிட்டீர்களே.

"மாப்ளே, கொஞ்சம் திறப்பா. உன் பீரைத் தொட மாட்டேன். ஒரு ஓரமா தரையில உக்காந்துக்கறேன்."

கதவை ஒருமுறை திறந்து மூடினால் ஒன்றரை டிகிரி ஏறும், திரும்ப இறங்க நாற்பது நிமிஷம் ஆகும். முந்தின நாளே சோதித்து வைத்திருந்தேன். இன்னும் ஒரு மணி நேரம் பொறுங்கள் என்றேன். அவர் சண்டை போடவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும்.

"சரிப்பா. நீ உன் வேலையப் பாரு," என்று வெளியே உட்கார்ந்தார். சற்றுப் பொறுத்து அப்படியே படுத்த சத்தம் கேட்டது.

அப்போதுதான் தெர்மாமீட்டரைப் பார்த்தேன். பதினெட்டரை. கதவு சாத்தியே இருக்கிறது, பிறகு எப்படி? குனிந்து பார்த்தேன். கதவுக்கு அடியில் ஒரு விரல் அகலத்துக்கு இடுக்கு. மறுபக்கம் அவர் அதில் முகத்தை ஒட்டி வைத்து, வாயால் மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார். ஒரு கண் தெரிந்தது. என்னைப் பார்த்ததா என்று சொல்ல முடியாது.

நல்ல பீர் எது என்று கடைசிவரை தெரியாத மனிதர், என் குளிரைக் குடித்துக்கொண்டிருந்தார்.

கொடியிலிருந்து ஒரு துண்டை எடுத்து, நனைத்து மடித்து, அந்த இடுக்கை அடைத்தேன். மணி இரண்டே கால். அதற்கப்புறம் பதினெட்டிலிருந்து இம்மிகூட அசையவில்லை. குறிப்பேட்டில் எல்லாம் இருக்கிறது, பாருங்கள்.