வாயு இல்லாத கண்டெய்னர்

உங்கள் ஸ்டேஷன் காபியில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல், சார். பரவாயில்லை, குடித்துவிடுகிறேன். எதையும் வீணாக்கினால் என் அப்பாவுக்குப் பிடிக்காது. ராயபுரத்தில் கயிறும் தார்ப்பாயும் விற்றே எங்களையெல்லாம் கரையேற்றியவர். இன்றைக்கும் அவர் மகள் ஜெயக்கொடி அனுப்பினாள் என்று என் பெயரைச் சொன்னால் அந்தத் தெருவில் மறுபேச்சில்லாமல் சரக்கு கொடுப்பார்கள். பெயர் என்றால் அதுதான்.

துறைமுகத்துக் கண்டெய்னர் யார்டில் என் வேலையும் பெயரை வைத்துத்தான். வெளிநாட்டுத் துவரை வரும் கண்டெய்னரில் பூச்சி சாக விஷ வாயு விட்டிருப்பார்கள். அது முழுக்க வெளியேறிவிட்டது என்று மூன்று பேர் தனித்தனியாகக் கருவி வைத்துப் பார்த்துச் சொன்ன பிறகே ஆட்கள் உள்ளே ஏறலாம். முன்பு காகிதமும் முத்திரையும், இப்போது போனிலேயே பிளாக்செயின் என்று ஒரு பதிவேடு. அதில் சொன்னதை யாரும் அழிக்க முடியாது. பார்த்துச் சொல்லும் ஒவ்வொருவரும் ஒரு நோடு. எந்த மூவர் என்று அதுவே குலுக்கிப் போடும். ஆனால் ஈட்டுப் பணம் அதிகம் கட்டியவர், மதிப்பெண் அதிகம் வைத்திருப்பவர் பெயர்தான் அடிக்கடி விழும். இருவர் ஒன்று சொல்லி ஒருவர் மட்டும் வேறு சொன்னால், தனியாய் நின்றவருக்கு ஈட்டிலும் மதிப்பெண்ணிலும் வெட்டு. நான் தாலியைத் தவிர மற்றதையெல்லாம் விற்று ஈடு கட்டியிருந்தேன். சொல்லிக்காட்டவில்லை, சார். உங்களுக்குப் புரிய வேண்டும்.

வல்லரசும் என்னைப் போல ஒரு நோடு, வியாசர்பாடிக்காரன். நல்லவன்தான், கொஞ்சம் இழுவை. எல்லாரும் சரி என்று போடும் கண்டெய்னர் பெட்டிக்கு அவன் மட்டும் வாயு போகவில்லை, இன்னும் ஆகவில்லை என்பான். கூட ஒருவர் சேர்ந்துவிட்டால் அந்தப் பெட்டி மறுநாள் வரை கிடக்கும், லாரிக்காரன் வாயில் விழ வேண்டியது நாங்கள்.

என் சித்தப்பா மகன் சுயம்புவும் எதிர்வீட்டுச் சாலமனும் இதே வேலைதான். ஒருவர் பதில் மற்றவருக்குத் தெரியக் கூடாது என்பது விதி. போன் என்று ஒன்று இருக்கிறதே.

"அக்கா, இன்னா போடட்டும்?" என்பான் சாலமன்.

"சரின்னு போடு" என்பேன்.

அவ்வளவுதான். வல்லரசைப் பற்றி நான் யாரிடமும் ஒரு சொல் தப்பாகப் பேசியதில்லை. அவனாகவே தனியாய் நின்றான், திரும்பத் திரும்ப. ஈடு கரைந்தது. குலுக்கலில் அவன் பெயர் விழுவதே நின்றுபோய், அதே யார்டில் மூட்டை இறக்க வந்தான். ஊரோடு ஒத்து ஓடத் தெரியாதவனை யார் என்ன செய்ய முடியும்?

அன்றைய பெட்டிக்குச் சாலமன், சுயம்பு, நான். அவர்கள் வழக்கம் போல வீட்டிலிருந்தே சரி போட்டுவிட்டு எனக்கும் சொல்லிவிட்டார்கள். நானும் அப்படித்தான் போடுவேன். அன்று காலடிப்பேட்டையில் ஒரு ஞானஸ்நானத்துக்குப் போய்த் திரும்பும் வழி என்பதால் யார்டை எட்டிப்பார்த்தேன். பையிலிருந்த கருவியைப் பெட்டிக்குள் நீட்டினேன். கத்தியது. அந்த வாயுவின் அழுகின மீன் வாடையும் லேசாக வந்தது.

ஆகவில்லை என்று போட்டால் இந்த முறை தனியாய் நிற்பது நான். கதவு திறந்துதானே கிடக்கிறது, ஆட்கள் டீ குடித்துவிட்டு வருவதற்குள் கடல்காற்று கொண்டுபோய்விடும் என்று நினைத்தேன். கருவியை அணைத்தேன். சரி என்று போட்டேன்.

ஆட்கள் உடனே வந்துவிட்டார்கள். வல்லரசு மட்டும் என்னிடம் வந்தான்.

"அவனுங்க வூட்லேர்ந்தே போடுவானுங்கன்னு எனக்குத் தெரியும்க்கா. நீ பாத்தியா?"

"பாத்தேன்."

பொய் இல்லை, சார். பார்த்தேன்.

"நீ பாத்துட்டேன்னா போதும்க்கா" என்று சிரித்தான். மற்றவர்களைப் பார்த்து, "இர்ங்கடா, நான் மொதல்ல ஏறிக்கிறேன்" என்றான். அவன் குணம் அது.

ஏறினான். நான் ஆட்டோவைக் கை காட்டி நிறுத்தினேன். பின்னால் ஏதோ தொப்பென்று விழுந்தது. மூட்டையாயிருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். அவன் இன்னும் எந்த மூட்டையையும் தொட்டிருக்க முடியாது என்று எனக்குத் தெரியும். திரும்பிப் பார்க்காமல் ஏறி உட்கார்ந்தேன்.

எனக்குத் தூக்கம் இல்லை, சார். துக்கம் கேட்கப் போனேன். அவன் மனைவி கார்குழலி கதவைச் சாத்திக்கொண்டாள். அது எனக்கு வலித்தது.

வாயுவால்தான் செத்தான் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருப்பதாகச் சொல்கிறீர்கள். படித்தவர், மரியாதை உண்டு. ஆனால் அவர் ஒருவர்தானே, சார். நாங்கள் மூன்று பேர் சொல்லியிருக்கிறோம். அந்தப் பெட்டியில் வாயு இல்லை.