நெட்டை லென்ஸில் அடங்காத குடும்பம்

வெயில் காலத்தில் லென்ஸைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளக் கூடாது, சுவாமி. வியர்வை ஏறிக் கண்ணாடியில் பூசணம் பிடித்துவிடும். பழைய வேட்டித் துணியில் சுற்றித் தகர டப்பாவில் போட்டு வைப்பதுதான் முறை. இதைப் போய்ப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்கிறானே என்று நீங்கள் நினைக்கலாம். கடைசியில் அந்தச் சட்டைப்பைக்குத்தான் வரப்போகிறேன், அதனால் முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

நீங்கள் பலகைக்கு அந்தப் பக்கம் இருந்தாலும், இது போட்டோ பிடிக்கும் பங்கிராஸ் குரல் என்று தெரிந்திருக்கும். பரவாயில்லை. இங்கே கேட்டதை நீங்கள் வெளியில் மூச்சுவிட முடியாது. முக்கியமாக என் பெண்சாதி அருளம்மாளிடம் சொல்ல முடியாது. நினைத்தாலே மனசுக்கு நிம்மதியாக இருக்கிறது.

என் மாமனார் சவரிமுத்து வீட்டில் நடுச்சுவர் எழும்பியதைப் பிரசங்கத்தில் சொல்லி வருத்தப்பட்டீர்கள். ஒற்றுமையான குடும்பத்தில் பிசாசு புகுந்துவிட்டது என்றீர்கள். பிசாசைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை, சுவாமி. எல்லாம் ஒரு லென்ஸ் விஷயம்.

பொன்மலையில் ரயில்வே வேலை பார்த்த துரை ஒருவர் சீமைக்குத் திரும்புகிறார், ஜெர்மன் கேமரா ஒன்றை விற்கிறார் என்று கேள்விப்பட்டு, நானும் அருளம்மாளும் போனோம். கேமரா உள்ளங்கைக்கு அடக்கம். அதற்கு இரண்டு லென்ஸ். ஒன்று குட்டை, முன்னால் இருப்பதையெல்லாம் அகலமாக வாரிக்கொள்ளும். மற்றது நெட்டை, தூரத்தில் இருப்பதைக் கிட்டே கொண்டுவரும், ஆனால் கொஞ்சம்தான் உள்ளே கொள்ளும். கறம்பக்குடியில் படக்கடை வைத்திருக்கும் நல்லதம்பியும் ஒரு லென்ஸ் கேட்டிருந்தார். அதனால் இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள் என்றார் துரை.

அன்றாடம் கழுத்தில் தொங்கப்போகிற சாமான். சந்தைக்குப் போனாலும் பூசைக்குப் போனாலும் கூடவே வரும். அதனால் அவசரப்படாமல் யோசித்தேன். குட்டை லென்ஸ் பார்க்க வதங்கிய கத்தரிக்காய் மாதிரி இருந்தது. நெட்டையை மாட்டிக்கொண்டு நின்றபோது துரை வீட்டுச் சமையல்காரர் என்னைப் பார்த்து எழுந்து நின்றார். மேலும், துரை பங்களாவின் புல்வெளியில் அருளம்மாளை நிறுத்தி, பின்னால் போய், போய், இன்னும் போய்ப் பார்த்தேன். அத்தனை அழகாகத் தெரிந்தாள்.

அவள் மட்டும் சொன்னாள்: "நம்ம ஊருல இம்புட்டுப் பெரிய புல்லுத்தரை எங்கிட்டு இருக்கு? எதுத்த வீட்டுச் செவுத்துல முட்டிக்கிட்டு நின்னா எடுப்பீங்க? பேசாம அந்தக் குட்டையை வாங்குங்க."

பெண்டாட்டி பேச்சைக் கேட்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அந்தச் சமையல்காரர் முன்னால் சொல்லிவிட்டாள். ஆகவே நெட்டையை வாங்கினேன். வரும் வழியில் ஆவூர்க் கோயில் வாசலில் நின்று, மாதா சாட்சியாக அருளம்மாளிடம் ஒரு சத்தியமும் செய்தேன்: இந்த லென்ஸில் அடங்காத படம் என்று ஒன்று வந்தால், கேமராவை உன் காலடியில் வைத்துவிட்டு உன் அய்யாவோடு ஏர் ஓட்டப் போகிறேன். எனக்கு மாட்டுக்குப் பின்னால் நடப்பது ஆகாது, சுவாமி. சின்ன வயசிலிருந்தே ஆகாது.

லென்ஸ் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. கறம்பக்குடிச் சந்தையில் வெற்றிலைக்காரரை எடுத்தேன், காது அற்புதமாக விழுந்தது. கோட்டைப்பட்டினத்தில் படகோடு நின்ற மீன்காரர்களை எடுக்கப் பின்னால் போனதில் கழுத்தளவு கடலுக்குள் இறங்கிவிட்டேன். அவர்களே படகை விட்டுவிட்டு வந்து தூக்கினார்கள். கடல் அங்கே கொஞ்சம் முன்னால் இருக்கிறது. ஒரு கலியாணத்தில் பெண்ணைத் தனியாகவும் மாப்பிள்ளையைத் தனியாகவும் எடுக்க வேண்டி வந்தது. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு பேரும் லட்சணமாக இருந்தார்கள்.

இப்படி இருக்கையில் என் மாமனார் படுத்துவிட்டார். எழுந்தபோது ஒரே ஓர் ஆசைதான் சொன்னார்.

"மாப்பிள்ளே, இது நான் மண்ணு சொமந்து கட்டுன வீடு. இந்த வாசல்ல நானும் ஒங்க மாமியாளும் நடுவுல குந்தணும். மகனுக, மருமகளுக, பேரப்புள்ளைக அம்புட்டுப் பேரும் சுத்தி நிக்கணும். ஒரே படம். அதப் பாத்துட்டுத்தான் நான் கண்ண மூடணும்."

களத்துமேட்டில் வைத்துக்கொள்ளலாமே என்றேன். அவர் கேட்கவில்லை. வீடு தெரியாத படம் எதற்கு என்றார். மாமனார் மேல் எனக்கு உயிர், சுவாமி. அவர் ஆசையை நிறைவேற்ற வேண்டும் என்று தவித்துப்போனேன்.

சந்து குறுகல். மூத்த மச்சான் மைக்கேல்சாமி குடும்பம் ஒரு பக்கம், இளையவர் சூசை குடும்பம் ஒரு பக்கம், நடுவில் கிழவனும் கிழவியும் என்று வரிசை கட்டி நின்றார்கள். சந்தில் எதிர்ச்சுவரோடு ஒட்டி நின்றாலும் பாதிப் பேர்தான் அடங்கினார்கள், அதனால் இன்னும் பின்னால் போனேன். எதிர்வீட்டு இருளாயி வீட்டுக்குள் போய், நடையைத் தாண்டி, அடுப்படியில் குழம்புச் சட்டிக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன். வாசல் நிலை இரண்டு பக்கமும் மறைத்ததுபோகக் கிழவனும் கிழவியும், ஒரு பேத்தியின் பாதியும் தெரிந்தார்கள். முன்சுவரை மட்டும் கொஞ்சம் இடித்துக்கொள்ளலாமா என்று இருளாயியிடம் மரியாதையாகத்தான் கேட்டேன். அவள் அகப்பையை எடுத்தாள்.

பிலிம் தீர்ந்துவிட்டது என்று எல்லோரையும் அனுப்பிவிட்டேன். அது பொய். அதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

அருளம்மாள் ஒரு வார்த்தை கேலி பேசவில்லை. "நல்லதம்பி அண்ணன்கிட்ட அந்தக் குட்டையை ஒரு நாளைக்கு எரவல் கேப்போமா? அய்யாவுக்காகத்தானே" என்றாள், அவ்வளவுதான்.

நான் அமைதியாக உட்கார்ந்து யோசித்தேன். லென்ஸ் சரியாக இருக்கிறது. வீடும் சந்தும் இருக்கிற இடத்தில் இருக்கின்றன. அப்படியென்றால் அளவு மீறி இருப்பது குடும்பம்தான். பாதிக் குடும்பம் என்றால் சந்திலிருந்தே எடுத்துவிடலாம். இவ்வளவு எளிய விஷயம் முன்பே தோன்றாமல் போனதே என்று இருந்தது.

கொல்லையில் ஒரு பலாமரம் உண்டு. அந்த வீட்டில் பழம் எப்போதும் எல்லோர் முன்னாலும் அறுத்துப் பங்கு வைப்பதுதான் வழக்கம். நான் மூத்த மருமகள் மரிய செல்வியிடம் போய், "நேத்து அறுத்த பழம் நல்ல இனிப்பாமே, ஒங்க பங்கு எப்புடி?" என்று கேட்டேன். முந்தின நாள் பழம் எதுவும் அறுக்கவில்லை. பிறகு சூசையிடம் போய், "அந்த மரத்தை வச்சது அண்ணன் மட்டுந்தானா, நீங்களுமா?" என்று கேட்டேன். பொய் சொன்னதாக எழுதிவிடாதீர்கள். இரண்டும் கேள்விதான்.

மிச்சத்தை அவர்களே பார்த்துக்கொண்டார்கள். முதலில் மருமகள்கள் பேச்சு நின்றது. அப்புறம் உலை இரண்டானது. மரத்தை வெட்டினார்கள், அதில் எனக்கு வருத்தம் உண்டு, நல்ல சுளை. பிறகு வீட்டின் நடுவே சுவர் எழும்பியது. இளையவர் தன் பக்கம் தனி வாசல் வெட்டிக்கொண்டார். கடைசியாகப் பெரியவர்களையும் பங்கு வைத்தார்கள். மாமனார் மூத்தவர் பக்கம், மாமியார் இளையவர் பக்கம்.

அதன்பின் படம் எடுக்கக் கஷ்டமே இல்லை. மூத்தவர் வாசலில் ஒன்று, இளையவர் வாசலில் ஒன்று. விளிம்பில் ஒரு தலைகூட வெட்டுப்படவில்லை. இரண்டையும் ஒரே சட்டத்துக்குள் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, கண்ணாடி போட்டு மாமனாரிடம் கொடுத்தேன். கிழவர் வெகுநேரம் பார்த்தார். அப்புறம், "அவ ஏன் அங்கிட்டு இருக்கா?" என்றார். அன்றைக்கு அருளம்மாள் அடுப்படியில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். எனக்கும் கண் கலங்கியது. ஆனாலும் சத்தியம் காப்பாற்றப்பட்டுவிட்டது என்று ஒரு திருப்தி.

இனி அந்தச் சட்டைப்பை.

பிலிம் தீர்ந்ததாகச் சொன்ன அந்த வாரமே, நான் வேண்டாம் என்றபிறகும் அருளம்மாள் கறம்பக்குடிச் சந்தைக்குப் போனபோது நல்லதம்பியிடம் கேட்டு, குட்டை லென்ஸை முந்தானையில் முடிந்து கொண்டுவந்துவிட்டாள். என் சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். நல்லதம்பி தன் கேமராவுக்காக அதன் திருகு மரையை மாற்றிக் கடைந்துவிட்டார், இனி நம் கேமராவில் பொருந்தாது என்று சொன்னேன். நம்பிவிட்டாள்.

மரை நன்றாகப் பொருந்தியது, சுவாமி. அவள் தண்ணீருக்குப் போன நேரம் மாட்டிப் பார்த்தேன். மாமனார் வீட்டுச் சந்திலும் போய் நின்று பார்த்தேன். இருளாயி வீட்டுப் படியில் நின்றாலே போதும், வீடு, ஓலைக்கூரை, மாட்டுக்கொட்டில் எல்லாம் அடங்கியது. மாமனாரும் மாமியாரும் வாசலில் உட்கார்ந்து ஒரே சுளகில் கடலை உரித்துக்கொண்டிருந்தார்கள். லென்ஸைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். மரிய செல்வியிடம் பலாப்பழம் விசாரிக்கப் போனபோது அது என் பையில்தான் இருந்தது. வெயில் வேறு. பூசணம் பிடித்துவிட்டது. நல்லதம்பிக்கு அப்படியே திருப்பிக் கொடுத்தேன், அதுதான் என் மனசை உறுத்துகிறது. இரவல் பொருளைக் கெடுத்தது பாவம். என்ன அபராதம் போட்டாலும் செய்கிறேன்.

இன்னொன்று. பிஷப் மேற்றிராணியார் வரும் திருநாளில் பங்கு மக்கள் எல்லோரையும் கோயில் வாசலில் வைத்து ஒரே படமாக எடுக்கச் சொல்லியிருக்கிறீர்கள். வாசலுக்கு எதிரே கல்லறைச் சுவர் இருக்கிறது, அளந்து பார்த்தேன், பின்னால் போக இடமில்லை. நீங்கள் கவலைப்பட வேண்டாம். பூசை முடிந்ததும் கீழத்தெருக்காரர்கள் தனிக்கோயில் வேண்டும் என்று உங்களிடம் வருவார்கள். கோபப்படாமல் கேளுங்கள், சுவாமி. பாதிப் பாதியாக நின்றால் சரியாக இருக்கும். நல்ல லென்ஸ் அது.